அத்தையின் மஞ்சள் கல்லும் தாத்தாவின் கறுப்புக் கல்லும்

"பாப்பா, நீதானே ரேடியோவுல சொன்ன? நீ சொன்னதாலதான் வாங்குனேன்."

அத்தை இதைக் கோபமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். ஈப்போவில் அவருடைய தாமான் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கூர்கூராக எழும்பிய படிகங்கள். முன்னால் ஒரு சின்ன அகல் விளக்கு, இரண்டு மல்லிகைப் பூ.

"எவ்வளவு அத்தை?"

"ஆயிரத்து இருநூத்தி எண்பது வெள்ளி. சிட்ரினாம். பணத்தை இழுக்குமாம். தம்பி கடை ஓடலயே, அதான்."

தம்பி என்றால் அவர் மகன். இரண்டு ஆண்டுகளாக உணவுக்கடை நடத்துகிறான், வாடகைக்கே மூச்சு வாங்குகிறது. அத்தை கொடுத்தது தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்துச் சேர்ந்த சேமநிதிப் பணம்.

அந்த விளம்பரத்தை நான் படித்திருந்தேன். எந்தக் கடை, எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம், தவறு என்னுடையது. எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: "என் வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறேன் நேயர்களே." என் வீட்டில் அப்படி ஒரு கல் கிடையாது. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, விளம்பரத்துக்கும் அறிவிப்பாளரின் சொந்தப் பேச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய கோட்டைப் பற்றி ஒரு தவணை முழுக்கப் படித்தவள் நான். ஆனாலும் காலை ஏழே முக்காலுக்கு, சிரித்த குரலில் அந்த வரியைப் படித்துவிட்டேன். இருபது விநாடிதான். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வாரப் பத்தி அந்த இருபது விநாடிக்கான கணக்கு.

கல்லுக்குள் குகை எப்படி வருகிறது?

பேரங்காடிகளில் இப்போது இந்தக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வெளியே கரடுமுரடான பாறை, நடுவே பிளந்தால் உள்ளே ஊதா நிறப் படிகங்கள் பளபளக்கும். அதற்கு ஜியோட் என்று பெயர். ஊதா நிறக் கல் அமெதிஸ்ட், தமிழில் செவ்வந்திக்கல். கடைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய ஊதாக் குகைகள் பெரும்பாலும் பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சூல் மாநிலத்திலிருந்தும், அதை ஒட்டிய உருகுவேயின் ஆர்ட்டிகாஸ் பகுதியிலிருந்தும் வருகின்றன. அங்கே சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரந்து ஓடி உறைந்தது. உறையும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே மாட்டிக்கொண்டன. பிறகு சிலிக்கா கரைந்த நீர் அந்த வெற்றிடங்களுக்குள் கசிந்து, சுவரில் முதலில் அகேட் பட்டைகளாகவும், பின்னர் உள்நோக்கி வளரும் குவார்ட்ஸ் படிகங்களாகவும் படிந்தது. படிகத்துக்குள் சிறிதளவு இரும்பு. சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிரியக்கம் அந்த இரும்பில் வேலை செய்ததால் ஊதா நிறம்.

குவார்ட்ஸ் என்றதும் அந்நியமாக நினைக்க வேண்டாம். நம் பாட்டிகளின் கழுத்தில் கிடந்த ஸ்படிக மாலை நிறமற்ற குவார்ட்ஸ்தான். இராமேசுவரத்தில் விடியற்காலையில் வரிசையில் நின்று தரிசிக்கிற ஸ்படிக லிங்கமும் அதுவே. தமிழகத்தில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குவார்ட்ஸும் பச்சைக்கல்லும் அறுத்து, துளையிட்டு, மணி செய்த பட்டறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். கல்லின் அழகை விலைக்கு விற்பது நமக்குப் புதிதல்ல.

இப்போது அத்தையின் மஞ்சள் கல்லுக்கு வருவோம். நிலவியல் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். கல்லின் படத்தைப் புலனத்தில் அனுப்பினேன். "அடியைத் திருப்பிக் காட்டு" என்றாள். காட்டினேன். அடிப்பகுதி பால்வெள்ளை, நுனிகள் மட்டும் கருகின ஆரஞ்சு. உடனே அழைத்தாள்.

"இது ஊதாக் கல்தான். சூட்டடுப்புல வச்சு மஞ்சளாக்கியிருக்காங்க."

அமெதிஸ்டை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளோ ஆரஞ்சோ ஆகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இப்படிச் சூடாக்கியதுதான். இயற்கையில் கிடைக்கும் சிட்ரின் அரிது. அது பெரும்பாலும் வெளிறிய, லேசாகப் புகை படிந்த மஞ்சளாக, உள்ளே தெளிவாக இருக்கும். வெள்ளை அடியும் கருகிய நுனியும் கொண்ட கொத்து கிடைத்தால், அடுப்பைக் கண்ட கல் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. சூடாக்கிய கல் போலி ஆகாது, அதுவும் உண்மையான குவார்ட்ஸ்தான். "சூடாக்கியது" என்று சொல்லி விற்றால் யாரும் குறை சொல்ல முடியாது. அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு நான் போய்ப் பார்த்தபோது, அதே கடையில் ஏறக்குறைய அதே அளவு ஊதாக் கொத்து பாதி விலைக்கும் குறைவாக இருந்தது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தோழி சொல்லிக் கொடுத்ததையும் நானே சரிபார்த்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கண்ணாடியா, குவார்ட்ஸா? குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கத்தி முனை குவார்ட்ஸைக் கீறாது. உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. ஸ்படிக உருண்டை என்றால், ஒரு தலைமுடியை வெள்ளைத் தாளில் வைத்து, உருண்டை வழியாகப் பாருங்கள். மெல்லத் திருப்பும்போது ஏதாவது ஒரு நிலையில் முடி இரண்டாகத் தெரிந்தால் குவார்ட்ஸ். எப்படித் திருப்பினாலும் ஒன்றாகவே இருந்தால் கண்ணாடி.

பெயரைப் பாருங்கள். பால்நீலமாக மின்னும் 'ஓபலைட்', தங்கத் துகள் தெறிக்கும் 'கோல்ட்ஸ்டோன்' இரண்டும் மனிதன் செய்த கண்ணாடி. மலிவான நீல 'டர்க்கோயிஸ்' பல சமயம் சாயம் ஏற்றிய வெள்ளைக் கல். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, மின்சார நீல அகேட் வில்லைகள் சாயத்தில் ஊறியவை. வானவில் போல மின்னும் குவார்ட்ஸின் மேல் உலோகப் பூச்சு உண்டு. படிக்கட்டு படிக்கட்டாக, எண்ணெய்ப் படலம் போல நிறம் காட்டும் பிஸ்மத் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது. இவை எல்லாமே அழகுதான், வாங்கலாம். இயற்கைக் கல் விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரிய ஜியோட்டுகளின் முதுகில் சிமெண்டும் பச்சைச் சாயமும் பூசியிருப்பார்கள். நிற்பதற்காகப் பூசினால் தவறில்லை. ஆனால் எடைக்கு விலை என்றால், சிமெண்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். நேரடி வெயிலில் அமெதிஸ்ட் வெளுக்கும். செலனைட் தண்ணீரில் மெல்லக் கரையும், துடைக்க உலர்ந்த துணி போதும். தண்ணீர்ப் புட்டிக்குள் கல்லைப் போட்டுக் குடிக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. தயவுசெய்து வேண்டாம். பச்சை மாலகைட்டில் செம்பு இருக்கிறது, வெள்ளியாய் மின்னும் கலீனாவில் காரீயம் இருக்கிறது, சிவப்புச் சின்னபாரில் பாதரசம் இருக்கிறது. குழந்தைகள் வாயில் வைக்கும் உயரத்தில் இவற்றை வைக்காதீர்கள்.

கடைசியாக, பில். அத்தையின் பில்லில் "கிரிஸ்டல், 1 யூனிட்" என்று மட்டும் இருந்தது. இயற்கையா, சூடாக்கியதா, எந்த நாட்டுக் கல், ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நாங்க கிரிஸ்டல்னுதானே எழுதியிருக்கோம்" என்றார். மறுக்க எங்களிடம் தாள் இல்லை.

உங்களிடம் தாள் இருந்தால் வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நாமே பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆகவே விலை உயர்ந்த கல் வாங்கும்போது, கடைக்காரர் வாயால் சொல்லும் பெயரையும் "இயற்கை, சூடாக்காதது" என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அம்மா வீட்டுக்குப் போனேன். பின்கட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு கறுப்புக் கல் கிடக்கும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கிடக்கிறது. பத்து காஜாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தா, லயத்திலிருந்து தாமானுக்கு மாறியபோது கட்டிலை விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கி வந்தாராம். தோட்ட எல்லைக்கு அப்பால் ஈய லம்பம். அங்கே வேலை செய்த சீன நண்பர் கொடுத்தது என்பார். சின்ன வயதில் அதைத் தூக்கப் போட்டி போடுவோம். பார்க்க ஒரு மாங்காய் அளவு. தூக்கினால் கை கீழே இழுக்கும்.

அதைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 1,340 கிராம். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டேன். தராசு 200 காட்டியது. கல் விலக்கிய தண்ணீரின் எடை அது. 1,340ஐ 200ஆல் வகுத்தால் 6.7. அதாவது தண்ணீரைவிட 6.7 மடங்கு கனம். குவார்ட்ஸ் என்றால் 2.65தான் வரும். காந்தம் ஒட்டவில்லை. பளிங்கு மெருகு இல்லாத ஓட்டின் முதுகில் தேய்த்தால் கறுப்புக் கோடோ சிவப்புக் கோடோ விழவில்லை, வெளிறிய தடம்தான்.

தோழிக்கு அனுப்பினேன். "கேசிட்டரைட். கொஞ்சம் குவார்ட்ஸ் கலந்திருக்கும். இதையா கதவுக்கு வச்சிருக்கீங்க?" என்றாள்.

கேசிட்டரைட் என்பது ஈயக் கல். மலாயில் பீஜே தீமா. நாம் பேச்சில் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தின் தாது. சுத்தமான கேசிட்டரைட்டில் கிட்டத்தட்ட 79 விழுக்காடு வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறு முழுக்க இந்தக் கல்லுக்குள் இருக்கிறது. இங்கே முதலில் இருந்தது கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன் கருங்கல் குழம்பு கீழிருந்து மேலேறி, தன்னோடு வெள்ளீயத்தைக் கொண்டுவந்தது. மழையும் வெயிலும் கருங்கல்லை அரித்தன. கனம் கூடிய ஈயக் கல் தூரம் போகாமல் பள்ளத்தாக்கிலேயே, சுண்ணாம்புப் பாறையின் குழிகளில் தங்கிவிட்டது. உலகின் மிக வளமான ஈய வயல்களில் ஒன்று உருவானது இப்படித்தான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, டூலாங் தட்டைச் சுழற்றி மணலிலிருந்து ஈயத்தைப் பிரித்த பெண்கள் இதே கனத்தைத்தான் நம்பினார்கள். லேசான மணல் வழிந்து போகும், கனமானது தட்டில் தங்கும். நான் தராசில் செய்ததை அவர்கள் மணிக்கட்டில் செய்தார்கள். பத்து காஜா - தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் டிடி5 ஈயக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீர்களா? 1938ல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை உழைத்தது. 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நின்று, விலை சரிந்தபோது, இங்கே லம்பங்கள் வரிசையாக மூடின. மீந்தவை குட்டைகள்.

நம் பேராக்கில் ஈயம் மட்டுமா? கிராமாட் பூலாயில் டங்ஸ்டன் தரும் ஷீலைட் எடுத்தார்கள். தாப்பாவுக்குப் பக்கத்துச் செண்டேரியாங்கில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு 1965ல் மலாயாவின் பெயரையே வைத்து 'மலையாயைட்' என்றார்கள். புறஊதா விளக்கில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். உலகில் எங்கே அது கிடைத்தாலும் நம் நாட்டின் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். இதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லாக் கல்லும் எடுக்கும் கல் அல்ல

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் சுத்தியலோடு குகைக்குக் கிளம்பிவிடக் கூடாது. குவா தெம்புரோங் போன்ற குகைகளில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் நூறு ஆண்டுகளில் சில மில்லிமீட்டரோ சில செண்டிமீட்டரோதான் வளரும். நம் ஊர் மலைகளும் குகைகளும் 2018 முதல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய புவிப்பூங்காவின் பகுதி. உடைத்த விழுதை யாராவது 'இயற்கைப் படிகம்' என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். பாறையோடு விளையாடவும் வேண்டாம். கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் குனோங் சீரோவில் 1973ல் பாறை சரிந்து ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போனதை ஈப்போவின் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய லம்பங்களின் கறுப்பு மணலையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் 'அமாங்' மணலில் மோனசைட் இருக்கும், அதில் கதிரியக்கத் தோரியம் இருக்கும். ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அருமண் எடுத்த ஆலையை எதிர்த்து மக்கள் பல ஆண்டு போராடினார்கள், 1994ல் அது மூடப்பட்டது.

பார்க்க ஆசையா? ஈப்போ ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில், கனிம, புவி அறிவியல் துறையின் நிலவியல் அருங்காட்சியகம் 1957 முதல் இருக்கிறது. நுழைவு இலவசம். அரசாங்க அலுவலக வளாகம் என்பதால், திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

அத்தையை அங்கே அழைத்துப் போனேன். ஈயக் கற்கள் வைத்த பேழைக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். "இது உங்க தாத்தா கல்லு மாதிரியே இருக்கு. இதுக்கு யாரும் விளக்கு ஏத்தலியே" என்று சிரித்தார். வெளியே வந்ததும் காரில் மெதுவாகச் சொன்னேன், கல் சூடாக்கியது, என் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது, எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்லு போனா போகுது. நீ பொய் சொல்லுவேன்னு நான் நினைக்கல பாப்பா" என்றார்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

கல்லை அத்தை தூக்கிப் போடவில்லை. அகல் விளக்கு மட்டும் சாமி அறைக்குப் போய்விட்டது. கடைப் பணத்தில் நான் ஒரு பங்கு கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாகத் தம்பியின் கடைக்கணக்கை ஞாயிறுதோறும் நான் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். முதல் வாரத்திலேயே தெரிந்தது, பிரச்சினை வாடகையில் இல்லை, கடனுக்குச் சாப்பிட்டுப் போனவர்களின் நோட்டில் இருந்தது.

கல்லுக்கு சக்தி உண்டா என்று கேட்டால், நான் உங்கள் நம்பிக்கைக்குள் வரப்போவதில்லை. ஸ்படிக மாலையை என் அம்மாவும் போடுகிறார். நம்பிக்கை ஒன்று, விலை ஒன்று. விலைக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நிலையத்தில் விளம்பரப் பிரிவிடம் பேசினேன். "என் வீட்டிலும்" என்ற வரியை எடுத்துவிட்டார்கள். விளம்பரம் இன்னும் ஓடுகிறது, வேறு குரலில். போன வாரம் அது ஓடி முடிந்ததும் கைப்பேசி ஒலித்தது. அத்தை.

"இன்னிக்குப் படிச்சது நீ இல்லயே?"

"இல்ல அத்தை."

"சரி. சாப்டியா?"